மண்ணெண்ணெய் இருக்கா பாருங்க: ரெசிடென்ட் ஈவில் மறுபடியும்

போன மாதம் ஸ்டீமில் கேப்காம் கேம்களுக்குத் தள்ளுபடி போட்டிருந்தார்கள். பட்டியலை மேய்ந்துகொண்டிருந்தபோது ரெசிடென்ட் ஈவில் ஹெச்டி ரீமாஸ்டர் கண்ணில் பட்டது. என்றைக்கோ முடித்த கேம்தான். கதை தெரியும், முக்கால்வாசிப் புதிர்களுக்கு விடை தெரியும், யார் துரோகி என்று தெரியும். தெரிந்த கேமுக்கு மறுபடி காசு கொடுப்பானேன் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு வாங்கிவிட்டேன். ராத்திரி சாப்பாடு முடிந்து, டிவியில் இணைத்து, லைட்டை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் எழுந்து போய் லைட்டைப் போட்டேன். எல்லாம் தெரிந்தும் எப்படிப் பயப்பட வைக்கிறது இந்த கேம் என்று யோசித்ததன் விளைவுதான் இந்த நீளமான பதிவு. கதையின் சில முடிச்சுகளை அவிழ்க்கப் போகிறேன், விளையாடாதவர்கள் பார்த்துப் படியுங்கள்.

முதலில் எந்தப் பதிப்பைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் குழப்பம் அதிகம். 1996 மார்ச் 22 அன்று ஜப்பானில் பிளேஸ்டேஷனுக்கு 'பயோஹசார்ட்' என்ற பெயரில் வந்தது முதல் கேம். இயக்கியவர் ஷின்ஜி மிகாமி. அமெரிக்காவில் அதே பெயரில் ஏற்கெனவே ஒரு இசைக்குழுவும் வேறு சங்கதிகளும் இருந்ததால் 'ரெசிடென்ட் ஈவில்' ஆனது. அதே மிகாமி 2002ல் நின்டெண்டோ கேம்கியூபுக்காக அந்த கேமை அடியிலிருந்து திரும்பக் கட்டினார். மாளிகை அதே மாளிகை, ஆனால் சுவர், விளக்கு, வசனம், பாதி புதிர்கள் எல்லாமே புதிது. அந்த 2002 கேமைத்தான் 2015 ஜனவரியில் மெருகேற்றி பிசிக்கும் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் இயந்திரங்களுக்கும் ஹெச்டி ரீமாஸ்டர் என்று கொண்டுவந்தார்கள். 2019ல் ஸ்விட்சுக்கும் போனது. நான் இப்போது விளையாடியது இதுதான். 1996 அசல் வேண்டுமென்பவர்களுக்கு அதுவும் 2024ல் ஜிஓஜி தளத்தில் இன்றைய விண்டோஸில் ஓடும்படி வந்துவிட்டது.

கதை இரண்டு வரி. 1998 ஜூலை 24 இரவு. ரக்கூன் சிட்டி என்ற கற்பனை அமெரிக்க நகரத்துக்கு வெளியே ஆர்க்லே மலைக்காடு. காணாமல் போன சக குழுவைத் தேடிவந்த ஸ்டார்ஸ் என்ற சிறப்புக் காவல் படையினர், நாய்கள் துரத்த, ஒரு பழைய மாளிகைக்குள் ஓடி ஒளிகிறார்கள். ஜில் வாலன்டைன், கிறிஸ் ரெட்ஃபீல்ட் இருவரில் ஒருவராக நாம் அந்த வீட்டைச் சுற்றிப் பார்த்து வெளியேற வேண்டும். அவ்வளவுதான். அந்த வீடு அம்ப்ரெல்லா என்ற மருந்துக் கம்பெனியின் ரகசிய ஆய்வுக்கூடத்துக்கு முகமூடி என்பது போகப் போகத் தெரியும்.

இரண்டாம் நாள் அக்கா பையன் வந்திருந்தான். காலேஜ் முதல் வருஷம். 2019ல் வந்த ரெசிடென்ட் ஈவில் 2 ரீமேக்கைக் கரைத்துக் குடித்தவன். சோபாவில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தான்.

"மாமா, கேமராவை அந்தப் பக்கம் திருப்புங்க. என்னமோ சத்தம் கேட்குது."

"திருப்ப முடியாதுடா."

"முடியாதா? அப்ப அங்க என்ன நிக்குதுன்னு எப்படித் தெரியும்?"

"போய்ப் பார்த்தாத்தான் தெரியும்."

"இது அநியாயம் மாமா" என்றான். ஆனால் எழுந்து போகவில்லை. பத்து மணிக்கு அக்கா போன் பண்ணிக் கூப்பிடும் வரை உட்கார்ந்திருந்தான்.

அந்த அநியாயம் எங்கிருந்து வந்தது என்பது சுவாரசியமான கதை. முதல் பிளேஸ்டேஷனின் பிரதான நினைவகம் வெறும் 2 மெகாபைட். ஒரு மாளிகையின் மரவேலைப்பாடு, சரவிளக்கு, கம்பளம் எல்லாவற்றையும் ஓடும்போதே முப்பரிமாணத்தில் வரைய அதற்குச் சக்தி கிடையாது. அதனால் கேப்காம்காரர்கள் ஒவ்வொரு அறையையும் சில கோணங்களிலிருந்து முன்கூட்டியே படமாக வரைந்து வைத்துவிட்டு, அந்தப் படத்தின் மேல் மனிதர்களையும் பிணங்களையும் மட்டும் நடமாட விட்டார்கள். படம் அசையாது என்பதால் கேமராவும் அசையாது. இந்த உத்தியை 1992ல் பிரான்சின் 'அலோன் இன் த டார்க்' ஏற்கெனவே காட்டியிருந்தது. கதவைத் தொட்டதும் திரை கருப்பாகி, ஒரு கதவு மட்டும் கிறீச்சென்று மெதுவாகத் திறக்கும் காட்சி வருமே, அந்த இடைவெளியில்தான் இயந்திரம் குறுந்தகட்டிலிருந்து அடுத்த அறையைப் படித்துக்கொண்டிருக்கும். வினாடிக்கு 300 கிலோபைட் வேகம்தான் அந்தத் தகட்டுக்கு. கதவு திறக்கும் யோசனையும், பூட்டிய வீடும், செத்தவர்கள் எழுதி வைத்த குறிப்புகளும், கையில் கொஞ்சம் பொருள்தான் தூக்கலாம் என்ற விதியும் 1989ல் கேப்காமே ஃபேமிகாமில் வெளியிட்ட 'ஸ்வீட் ஹோம்' கேமிலிருந்து வந்தவை. அதைச் செய்த டோகுரோ ஃபுஜிவாராதான் மிகாமியிடம் இந்த வேலையைக் கொடுத்தவர்.

ஆக, இந்த கேமின் பயமுறுத்தல்களில் பாதி, இயந்திரத்தின் ஏழ்மையில் பிறந்தவை. சரி, இப்போது என் பிசி ஏழை இல்லையே. ஒரு கதவு திறக்கத் தேவையான தரவு கண்மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். ஆனாலும் ரீமாஸ்டரில் அந்தக் கதவு அதே நிதானத்தோடுதான் திறக்கிறது. இதைத் தூக்கியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பிசியில் அதைத் தாண்டிப் போக மோட் கூடச் செய்து வைத்திருக்கிறார்கள். நான் போட்டுப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டேன். கதவு திறக்கும் அந்த மூன்று நாலு விநாடியில் தோட்டா எத்தனை மிச்சம், உடம்பு எந்த நிலையில், உள்ளே போனதும் வலமா இடமா என்று மனசு ஒரு கணக்குப் போடும். மோட் அந்தக் கணக்கைப் பிடுங்கிக்கொள்கிறது. வீடு சட்டென்று சின்னதாகிவிட்டது போல இருந்தது.

கேமரா விஷயமும் இப்படித்தான். சாப்பாட்டு அறையில் பெரிய கடிகாரம் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருக்கும். அதைத் தாண்டி ஒரு கதவு, அதற்குள் குறுகலான நடை. இடப்பக்கம் திரும்பினால் ஒருவன் குனிந்து எதையோ மென்றுகொண்டிருக்கிறான். அவன் தலையைத் திருப்பி நம்மைப் பார்க்கும் காட்சியை கேம் ஆடாதவர்கள்கூடப் பார்த்திருப்பார்கள். என்னைக் கேட்டால் அதைவிடப் பயங்கரம் அதற்குப் பிறகு வரும் சாதாரண நடைகள். கேமரா தரையோரத்திலிருந்து ஜில்லின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவள் எதைப் பார்க்கிறாள் என்பது நமக்குத் தெரியாது. கால் இழுத்து நடக்கும் சத்தம் மட்டும் வரும். வருகிறதா, நிற்கிறதா, இரண்டு பேரா? இன்னும் நாலு அடி எடுத்து வைத்தால்தான் கோணம் மாறும். அந்த நாலு அடியை எடுத்து வைக்க வேண்டியது நம் கட்டைவிரல். தோளுக்குப் பின்னாலிருந்து பார்க்கும் புது கேம்களில் பயம் திடீரென்று வந்து மோதும். இங்கே நாமே நடந்து போய் அதன் மடியில் உட்கார வேண்டும்.

2002ல் மிகாமி செய்த குறும்பு ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். 1996 கேமில் ஒரு நடையில் ஓடும்போது ஜன்னலை உடைத்துக்கொண்டு நாய்கள் உள்ளே பாயும். உலகம் முழுக்க கன்ட்ரோலரைக் கீழே போட வைத்த இடம். அதை நினைவில் வைத்துக்கொண்டு ரீமேக்கில் அதே நடைக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு போகிறோம். கண்ணாடி லேசாக விரிசல் விடுகிறது. அவ்வளவுதான். நாய் வரவில்லை. அப்பாடா என்று போய்விட்டு, பிறகு வேறு வேலையாக அதே வழியில் திரும்பும்போதுதான் வருகிறது. ஏற்கெனவே விளையாடியவனின் ஞாபகத்தையே அவனுக்கு எதிராகத் திருப்பி வைத்திருக்கிறார். இத்தனை வருஷம் கழித்து எனக்கு அந்த இரண்டாவது வருகை மறந்தே போயிருந்தது. போதுமா?

இப்போது தலைப்பில் இருக்கும் மண்ணெண்ணெய்க்கு வருகிறேன். என் பார்வையில் 2002 ரீமேக்கின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு இதுதான்.

மற்ற ஜாம்பி கேம்களில் சுட்டால் செத்தது செத்ததுதான். இங்கே ஜாம்பியைச் சுட்டு வீழ்த்துகிறீர்கள். கீழே ரத்தம் தேங்கி அடங்கிவிடுகிறது. தலை தெறித்திருந்தால் பிரச்சினை இல்லை. தலை முழுசாக இருந்தால் கொஞ்ச காலம் கழித்து அது எழுந்துவிடும். எழும்போது பழைய சோம்பேறி ஜாம்பி இல்லை, தோல் சிவந்து, நகம் வளர்ந்து, ஓடி வரும். இதற்குப் பெயர் கிரிம்சன் ஹெட். தடுக்க வேண்டுமானால் பிணத்தை எரிக்க வேண்டும். எரிக்க மண்ணெண்ணெய் வேண்டும். குடுவையில் இரண்டு தடவைக்குத்தான் பிடிக்கும். ஊற்றி நிரப்பும் டின் எல்லா அறையிலும் கிடையாது, அதிலும் இருப்பு தீர்ந்துபோகும். கூடவே லைட்டரும் வேண்டும். கிறிஸுக்கு லைட்டர் சொந்தமாகவே இருக்கிறது, ஆனால் அவர் பையில் ஆறே இடம். ஜில்லுக்கு எட்டு இடம், ஆனால் லைட்டர் அதில் ஒன்றை அடைத்துக்கொள்ளும். குடுவை இன்னொன்று. துப்பாக்கி, தோட்டா, பச்சிலை என்று எடுத்தால் சாவி வைக்க இடமில்லை.

என் கதையைக் கேளுங்கள். கீழ்த்தளத்தில் டைப்ரைட்டர் இருக்கும் அறைக்குப் போகும் நடையில் ஒருத்தனைக் கைத்துப்பாக்கியால் வீழ்த்தியிருந்தேன். தலை அப்படியே இருந்தது. குடுவையோ பொருள் சேமித்து வைக்கும் பெட்டிக்குள். அப்புறம் எடுத்து வந்து எரிக்கலாம் என்று தாண்டிப் போனேன். அடுத்த தடவை கையில் புதிருக்கு வேண்டிய இரண்டு முகமூடி, ஒரு சாவி, ஷாட்கன். குடுவைக்கு இடமில்லை. அதற்கடுத்த தடவை குடுவை இருந்தது, ஆனால் வேறொரு நடையில் கிடந்த இரண்டு பேருக்கு அது செலவாகிவிட்டது, அந்த வழி இன்னும் முக்கியம் என்று தோன்றியது. ஒவ்வொரு தடவையும் அந்தப் பிணத்தைத் தாண்டும்போது பார்த்துக்கொண்டே போவேன். கை அசைகிறதா? இல்லை. பக்கத்து அறையில்தானே சேவ் பண்ணும் இடம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கடைசியில் மேல்மாடியில் கடி வாங்கி, ஜில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வரும்போது, கோணம் மாறியது. தரையில் ரத்தம் இருந்தது, ஆள் இல்லை.

கத்தி கையில் இருந்ததால் பிழைத்தேன். இதில் தற்காப்புக் கத்தி என்று ஒன்று உண்டு, யாராவது பிடித்துவிட்டால் ஜில் அதை அவன் தலையில் சொருகிவிட்டுத் தப்பிப்பாள். அதுவும் அங்கங்கே எடுத்துச் சேர்த்தால்தான் உண்டு.

கவனியுங்கள், அந்த இடத்தில் கேம் எனக்கு எந்த அதிர்ச்சிக் காட்சியும் போடவில்லை. இசை ஏறவில்லை. நானே போட்ட கணக்கு, நானே தள்ளிப்போட்ட வேலை. ஒரு ஜாம்பியைக் கொல்வதா, ஏய்த்துவிட்டு ஓடுவதா, கொன்றால் எரிப்பதா என்று கேம் முழுக்க நம்மை ஒரு கஞ்சக் குடும்பஸ்தனாக்கி வைத்திருக்கிறது. அதன் மேல் சேவ் பண்ணுவதற்கும் கட்டுப்பாடு. டைப்ரைட்டருக்கு இங்க் ரிப்பன் வேண்டும், ஒரு சேவுக்கு ஒன்று. இந்தக் காலத்து ஆட்டோசேவ் இங்கே கிடையாது. ஒரு மணி நேர உழைப்பு பையில் இருக்கும்போது ஒரு கதவைத் திறப்பதும், சேவ் பண்ணி முடித்த கையோடு அதே கதவைத் திறப்பதும் இரண்டு வேறு அனுபவங்கள்.

அதனால்தான் ரீமாஸ்டர் செய்தவர்களைப் பாராட்டுகிறேன். ரிப்பனில் கைவைக்கவில்லை, பையைப் பெரிதாக்கவில்லை. ரொம்பச் சுலபமான ஒரு நிலையை மட்டும் புதிதாகச் சேர்த்துவிட்டு மற்றதை அப்படியே விட்டார்கள்.

இன்னொரு விஷயத்தில் மட்டும் கை வைத்தார்கள்: ஆளை நடக்க வைக்கும் முறை. பழைய முறையில் மேலே அழுத்தினால் ஜில் தன் முகம் இருக்கும் பக்கம் நடப்பாள், இடம் வலம் அழுத்தினால் நின்ற இடத்தில் சுழல்வாள். டாங்கி ஓட்டுவது மாதிரி என்று டாங்க் கன்ட்ரோல் என்பார்கள். புதிய முறையில் ஸ்டிக்கைத் தள்ளும் பக்கம் ஓடுவாள். கேமரா மாறினாலும் ஸ்டிக்கை விடாமல் பிடித்திருக்கும் வரை பழைய திசையே தொடரும், புத்திசாலித்தனமான ஏற்பாடு. அக்கா பையனுக்கு இதைப் போட்டுக் கொடுத்தேன், ஐந்து நிமிடத்தில் பழகிவிட்டான். ஆனால் சிக்கல் என்னவென்றால், இந்த வீட்டின் நடைகளை அளந்து கட்டியதே மெதுவாகச் சுழலும் ஒரு ஆளை நினைத்து. புதிய முறையில் ஜாம்பிக்கு முன்னால் ஒரு வெட்டு வெட்டித் தாண்டிவிடலாம். தாண்ட முடியும் என்றால் சுடத் தேவையில்லை, சுடவில்லை என்றால் எரிக்கத் தேவையில்லை. மண்ணெண்ணெய்க் கணக்கு முழுவதும் தளர்ந்துவிடுகிறது. முதல் தடவை ஆடுபவர்கள் புதிய முறையில் ஆடினால் தப்பே இல்லை. நான் பழையதுதான்.

படத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. 2002 பின்னணிப் படங்கள் பழைய டிவிக்காக வரைந்தவை. அவற்றைப் பெரிதாக்கி, சில இடங்களை முப்பரிமாணத்தில் திரும்பக் கட்டி, வெளிச்சத்தைச் சரிசெய்திருக்கிறார்கள். முக்கால்வாசி இடங்களில் அழகு. மெழுகுவத்தி வெளிச்சம் சுவரில் ஆடுவதைப் பார்க்க இன்றைக்கும் அலுக்கவில்லை. சில அறைகளில் மட்டும் ஜில் கண்ணாடி போலத் துல்லியமாகவும் பின்னாலிருக்கும் சுவர் மங்கலாகவும் இருப்பது உறுத்துகிறது. அகலத்திரை 16:9 வைத்தால் படத்தின் மேலும் கீழும் வெட்டுப்பட்டு, நாம் நடக்க நடக்கப் படம் மேலே கீழே நகரும். கோணம் பார்த்துப் பார்த்து அமைத்த ஒருவரின் வேலையை ஜன்னலிடுக்கு வழியாகப் பார்ப்பது போல எனக்குப் பட்டது. 4:3க்கு மாற்றிவிட்டேன். இரண்டு பக்கமும் கருப்புப் பட்டை வரும், வந்துவிட்டுப் போகட்டும்.

வசனங்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் பழைய ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள். 1996 கேமின் ஆங்கிலக் குரல்கள் அவ்வளவு மோசம், அந்த மோசத்துக்காகவே காலங்காலமாக வாழ்கின்றன. கூரை இறங்கி நசுக்க வரும் அறையிலிருந்து ஜில்லைக் காப்பாற்றிவிட்டு அவளுடைய ஸ்டார்ஸ் சகா பாரி அடிக்கும் சாண்ட்விச் ஜோக்குக்கு இன்றைக்கும் டி-ஷர்ட் போடுபவர்கள் இருக்கிறார்கள். 2002ல் அதை எடுத்துவிட்டார்கள். சரிதான், லீசா நடமாடும் வீட்டில் சாண்ட்விச் ஜோக் எடுபடாது. 1998ல் வந்த டூயல் ஷாக் பதிப்பின் இசை இன்னொரு கூத்து. அதில் நிலவறைக்கு வரும் பாட்டைத் தேடிக் கேட்டுப் பாருங்கள், யாரோ ஊதுகுழலைக் கீழே போட்டு மிதித்தது போல இருக்கும். அதற்கு மாமோரு சாமுராகோச்சி என்று பெயர் போட்டிருந்தார்கள். அவருக்காக 18 வருஷமாக மறைவில் இசை எழுதிக்கொடுத்தது தான்தான் என்று தகாஷி நீகாகி 2014ல் அறிவிக்க, ஜப்பானே அல்லோலகல்லோலப்பட்டது.

லீசா என்றேன் இல்லையா. லீசா ட்ரெவர் 1996 கேமில் இல்லை, யோசித்துக் கைவிட்ட பாத்திரம். ரீமேக்கில்தான் வந்தாள். காட்டுக்குள் ஒரு மரக்குடிசை. கையில் விலங்கோடு, முனகிக்கொண்டு வருவாள், எத்தனை சுட்டாலும் சாகமாட்டாள். மாளிகையைக் கட்டிய ஜார்ஜ் ட்ரெவர் என்ற கட்டடக் கலைஞரின் மகள் அவள். 1967ல் மாளிகைக்காரர்கள் அவரைக் குடும்பத்தோடு விருந்தாளியாக அழைத்து, தாயையும் மகளையும் வைரஸ் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். அங்கங்கே கிடக்கும் கடிதங்களைப் பொறுக்கிப் படித்தால் இது விளங்கும், படிக்காமலும் கேமை முடிக்கலாம். கல்லறையில் அவள் தாயின் மண்டையோட்டை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் குதிக்கும் இடம், இந்த வரிசையிலேயே பயத்துக்குப் பதில் பாவம் தோன்றவைக்கும் ஒரே இடம் என்பேன். மற்ற அசுரர்கள், அந்தப் பெரிய பாம்பு, சுறா, சிலந்தி எல்லாம் எனக்கு இன்றும் சாதாரணம்தான். ஆய்வுக்கூடத்துக்குள் போனபின் கேமின் இறுக்கம் குறைகிறது என்ற பழைய புகாரும் உண்மை. வீட்டை விட்டு இறங்கியதும் வீட்டின் ஞாபகமே வருகிறது.

இத்தனை நல்ல கேம் 2002ல் எதிர்பார்த்த அளவு போகவில்லை, கேம்கியூபில் 13 லட்சத்துச் சொச்சம் பிரதிகளோடு நின்றது. அதுவும் ஒரு காரணமாக மிகாமி அடுத்த கேமை அடிதடிப் பக்கம் திருப்பினார், 2005ல் ரெசிடென்ட் ஈவில் 4 வந்தது, உலகமே தோளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது. 2015ல் அதே பழைய கேம் அதே கோணல் கேமராவோடு திரும்பி வந்தபோது சில மாதங்களிலேயே 10 லட்சம் தாண்டியது. வாங்கியவர்களில் பாதிப் பேராவது இதை முதல் தடவை பார்த்தவர்களாக இருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

நீங்களும் முதல் தடவை என்றால்: ஜில்லை எடுங்கள், நார்மல் வையுங்கள், திரை 4:3, முடிந்தால் ஹெட்ஃபோன். யூடியூப் வழிகாட்டியை முதல் சுற்றில் தொடாதீர்கள், வரைபடத்தில் ஓர் அறை சிவப்பாக இருந்தால் அங்கே இன்னும் எடுக்க ஏதோ இருக்கிறது என்று அர்த்தம், பச்சையானால் முடிந்தது, அது போதும் வழிகாட்ட. அடிக்கடி போய்வரும் நடையில் கிடப்பவனை முதலில் எரியுங்கள், ஓரத்து அறையில் கிடப்பவன் கிடக்கட்டும். ஷாட்கன்னைச் சுவரிலிருந்து எடுப்பதற்கு முன் அடுத்த அறையின் கூரையை ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள். எங்காவது மாட்டிக்கொண்டால் கமெண்ட்டில் கேளுங்கள், விடையைச் சொல்லாமல் துப்பு மட்டும் தருகிறேன்.